வீட்டுக்கு நிழல்மரமும் பூமரமும் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீட்டைச் சுற்றி மரம் வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் முதலில் நாற்றுப்பண்ணைக்குத்தான் போகிறார்கள். அங்கே இடுப்பளவு உயரத்திலேயே பூத்து நிற்கும் கன்று ஒன்று கண்ணில் படுகிறது. அதை வாங்கி வந்த பிறகுதான் எங்கே வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையை முழுவதுமாக மாற்றிக்கொள்ள வேண்டும். மரம் எதற்கு என்பது முதலில், எந்த இடம் என்பது அடுத்து, அந்த இடம் எவ்வளவு பெரிய மரத்தைத் தாங்கும் என்பது அதற்கும் அடுத்து. எந்த மரம் என்ற கேள்விக்குக் கடைசியில்தான் வர வேண்டும். தவறாக வைத்த செடியை அடுத்த பருவத்தில் பிடுங்கி வேறிடத்தில் நடலாம். தவறாக வைத்த மரத்தின் தவறு பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரியவரும், அப்போது அதை வெட்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

வெயில் எங்கிருந்து வருகிறது?

நிழலுக்காகத்தான் மரம் என்றால், வெயில் உங்கள் வீட்டை எந்தப் பக்கத்திலிருந்து தாக்குகிறது என்பதை ஒரு நாள் முழுவதும் கவனியுங்கள். வெயில் கடுமையாக இருக்கும் மாதத்தில் கவனிப்பது நல்லது. உச்சிவேளைச் சூரியன் தலைக்கு மேல் நிற்பதால் அப்போது மரத்தின் நிழல் அதன் அடியிலேயே விழுந்துவிடும், சுவருக்குப் பெரிதாக உதவாது. காலையில் கிழக்குச் சுவரிலும் பிற்பகலில் மேற்குச் சுவரிலும் சாய்வாக விழும் வெயிலே வீட்டுக்குள் வெப்பத்தைக் கொண்டுவருகிறது. இரண்டில் மேற்கு வெயிலே கொடியது. ஏற்கெனவே பகலெல்லாம் சூடேறிய காற்றோடு அது சேர்ந்துகொள்வதால், இரவு படுக்கப் போகும்போதும் அந்தச் சுவர் கொதித்துக்கொண்டிருக்கும். ஆகவே ஒரே ஒரு மரம்தான் வைக்க முடியும் என்றால் மேற்கே வையுங்கள்.

எவ்வளவு தூரத்தில் வைப்பது, எவ்வளவு உயரமான மரம் தேவை என்பதற்கு ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ஒரு மீட்டர் நீளக் கம்பை நேராக ஊன்றி, பிற்பகலில் அதன் நிழலை அளந்துகொண்டே இருங்கள். நிழல் சுமார் 1.7 மீட்டர் ஆகும்போது சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் 3 மீட்டர் உயரமுள்ள மேற்குச் சுவரை, 6 மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு மரம் முழுவதுமாக மறைக்க வேண்டுமானால், அதன் தழை தரையிலிருந்து 3.5 மீட்டரில் தொடங்கி 6.5 மீட்டர் வரை இருந்தால் போதும். நிழலுக்கு மரம் சுவரை ஒட்டி நிற்க வேண்டியதில்லை, மிகப் பெரிய மரமாக இருக்க வேண்டியதுமில்லை என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். நடுத்தர உயரமுள்ள மரம் ஒன்று சரியான தொலைவில் நின்றால் அதுவே போதும். சூரியன் இன்னும் தாழ்ந்ததும் கதிர்கள் தழைக்கு அடியில் நுழைந்து சுவரின் கீழ்ப்பகுதியைத் தொடும். அதைத் தடுக்க மரத்தைவிடப் புதர்ச்செடி வரிசையே ஏற்றது.

குளிர்காலத்தில் வெயில் வேண்டும் என்ற நிலை உள்ள குளிர்நாடுகளில் கணக்கு சற்று மாறும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே தென்புறத்திலும், தெற்கே வடபுறத்திலும் குளிர்காலச் சூரியன் தாழ்வாகச் செல்வதால், அந்தப் பக்கத்தைத் திறந்து விடுவதே நல்லது. இலையுதிர் மரமாக இருந்தாலும் வெறுங்கிளைகள் கணிசமான வெயிலை மறைத்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மேலும் கீழும் பக்கமும்

இடத்தைக் குறித்த பிறகு அங்கே நின்று அண்ணாந்து பாருங்கள். மேலே மின்கம்பி போகிறது என்றால் அதன் கீழ் 6 மீட்டரைத் தாண்டாத மரங்களை மட்டுமே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பியைக் காப்பதற்காக ஆண்டுதோறும் யாராவது வந்து மரத்தின் நடுவை வெட்டிப் போவார்கள். அப்படி வெட்டப்பட்ட மரம் மீண்டும் நல்ல வடிவத்துக்கு வருவது அரிது.

பக்கவாட்டில், மரம் முதிரும்போது அதன் தழை எவ்வளவு அகலம் விரியும் என்பதைத் தெரிந்துகொண்டு, அதில் பாதியோடு ஒன்றிரண்டு மீட்டரையும் கூட்டி அந்த அளவு சுவரிலிருந்து தள்ளி நடுங்கள். பத்து மீட்டர் விரியும் மரத்துக்கு ஆறு, ஏழு மீட்டர் தேவைப்படும். பக்கத்து வீட்டு எல்லைக்கும் இதே கணக்குத்தான். கன்று விரல் தடிமனில் நிற்கும்போது இந்த இடைவெளி அபத்தமாகத் தோன்றும், சுற்றிலும் வெறுமையாகவே இருக்கும். அந்த வெறுமையை ஓரிரு ஆண்டுச் செடிகளால் நிரப்பிக்கொள்ளுங்கள். இன்னொரு மரத்தால் நிரப்பாதீர்கள்.

கீழே வேர்களைப் பற்றிப் பல தவறான எண்ணங்கள் உண்டு. மரம் மேலே இருப்பதுபோலவே மண்ணுக்குள்ளும் ஆழமாக இறங்கியிருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே இருக்கின்றன, அவை தழையின் எல்லையைத் தாண்டி வெகுதூரம் படர்கின்றன. ஆகவே மரத்துக்கு ஆழத்தைவிட அகலமே முக்கியம். இரண்டு சிமெண்ட் தளங்களுக்கு நடுவே விடப்பட்ட ஒரு முழ அகலப் பட்டையில் பெரிய மரம் நலமாக வளராது. வளர்ந்தால் தளத்தைத் தூக்கிவிடும். கழிவுநீர்க் குழாயைப் பொறுத்தவரை, நல்ல நிலையில் உள்ள குழாயை வேர் உடைத்துக்கொண்டு போவதில்லை. கசியும் இணைப்பின் ஈரத்தைத் தேடி உள்ளே நுழைந்து, அங்கே பருத்துக் குழாயை அடைத்துவிடுகிறது. பழைய குழாய் இருக்கும் பாதையை விட்டு விலகி நடுவதே பாதுகாப்பு. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் களிமண்ணில் கட்டிய வீடாக இருந்தால் இன்னும் கூடுதல் இடைவெளி விடுங்கள். மரம் ஈரத்தை உறிஞ்சும்போது அந்த மண் சுருங்கும், அதனால் அடித்தளம் இறங்க வாய்ப்புண்டு. ஆலும் அரசும் அத்தியின் மற்ற உறவுகளும் எவ்வளவு அழகானவையாக இருந்தாலும் வீட்டு மனைக்கு உரியவை அல்ல. அவற்றின் வேர் சுவர் வெடிப்பிலும் புகும்.

மண்ணைச் சோதிப்பது

மண்ணுக்கு ஒரே ஒரு சோதனையைச் செய்தாலும் போதும் என்பேன். நட விரும்பும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மீண்டும் ஒருமுறை நிரப்பி, மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் அங்கே நீர் தேங்கும். தேங்கும் நீரில் வேருக்குக் காற்று கிடைக்காது. வறட்சியை அசாத்தியமாகத் தாங்கும் வேம்பு இந்த இடத்தில் நோயாளியாகிவிடும். இயல்பிலேயே ஆற்றோரம் வளரும் நீர்மருதோ, ஈரமண்ணைப் பொறுத்துக்கொள்ளும் பூமருதோ அங்கே நன்றாக வரும். கடற்காற்றும் உப்பும் உள்ள இடத்துக்குப் புன்னையும் பூவரசும் பிறவியிலேயே பழகியவை. மண்ணை மரத்துக்கு ஏற்ப மாற்ற முயல்வதைவிட மண்ணுக்கு ஏற்ற மரத்தைத் தேடுவது எளிது, செலவும் குறைவு.

பூவும் நிழலும் ஒன்றாக வருமா?

இனிதான் எந்த மரம் என்ற கேள்வி. பூமரங்களில் பெரும்பாலானவை ஆண்டில் சில வாரங்கள்தான் நிறைந்து பூக்கும். மீதி மாதங்கள் எல்லாம் அதன் இலையோடும் கிளையமைப்போடும் பட்டையோடும் உதிரும் குப்பையோடும்தான் நீங்கள் வாழப்போகிறீர்கள். ஆகவே, பூக்காத காலத்தில் அந்த மரத்தை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொரு முக்கியமான செய்தி, எந்த மரம் எப்போது இலையுதிர்க்கிறது என்பது. சரக்கொன்றையை எடுத்துக்கொள்வோம். பொன்னிறச் சரம் சரமாகத் தொங்கும் அதன் பூக்களுக்கு ஈடாக எதையும் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அது இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கும் மரம், அதுவும் வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களில். நிழல் மிகவும் தேவைப்படும் காலத்தில் சரக்கொன்றையின் கீழ் பூவிருக்கும், நிழல் இருக்காது. குல்மோகரும் ஏறத்தாழ அப்படித்தான். புங்கம் இதற்கு நேர்மாறானது: சிறிது காலம் மட்டும் இலையுதிர்த்துவிட்டு, கோடை தொடங்கும்போதே பளபளக்கும் இளந்தளிரோடு நிழலை மூடிவிடும். அதன் பூ சிறியது, வெளிறிய ஊதா நிறம்; தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. மேற்கே ஒரு புங்கம், வாசலிலிருந்து பார்க்கும்படி ஒரு சரக்கொன்றை என்று வேலையைப் பிரித்துக் கொடுத்தால் இரண்டும் கிடைக்கும். ஒரே மரத்திடம் இரண்டையும் எதிர்பார்க்கும்போதுதான் ஏமாற்றம் வருகிறது.

இரண்டையும் ஓரளவு தரக்கூடியது மகிழம். ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும், தழை அடர்த்தியாகக் குடைபோல் உருண்டு நிற்கும், உலர்ந்த பின்னும் மணம் போகாத சிறு பூக்களை உதிர்க்கும். மெதுவாக வளர்கிறது என்பதுதான் அதன்மீது சொல்லப்படும் ஒரே குறை. வீட்டு மனைக்கு அதை நான் குறையாகவே நினைக்கவில்லை. வேகமாக வளரும் மரங்களில் பலவற்றுக்குக் கட்டை மெலிந்தது. வானுயர வளர்ந்து மணக்கும் மரமல்லிக்குக் காற்றில் கிளை முறிவதே பெரிய குறை. அது திறந்த வெளிக்கு ஏற்ற மரம், கூரைக்கு அருகில் வேண்டாம்.

சிறிய மனையில் மந்தாரை, ஈழத்தலரி போன்ற சிறுமரங்கள் அடக்கமாக நிற்கும். ஈழத்தலரியின் பால் தோலில் பட்டால் சிலருக்கு எரிச்சல் தரும் என்பதைக் கவாத்து செய்யும்போது நினைவில் கொள்ளுங்கள். நெட்டிலிங்கம் குறுகிய இடத்தில் மறைப்பாக நிற்கும், நிழலை அதனிடம் எதிர்பார்க்க முடியாது. தூங்குமூஞ்சி மரம் 30 மீட்டர் வரை விரியக்கூடியது. பூங்காவுக்கும் பெருஞ்சாலைக்கும் அதை விட்டுவிடலாம். குல்மோகர் உயரத்தைவிட அகலமாகப் பரவும், வேர்களும் தரைமட்டத்திலேயே தடித்து ஓடும் என்பதால் அதற்கும் பெரிய வெட்டவெளி வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அரளியையும் பொன்னரளியையும் தவிர்க்க வேண்டும். இரண்டும் நச்சுடையவை, பொன்னரளியின் விதை உயிரையே பறிக்கும். ஏழிலைப்பாலை பூக்கும் காலத்தில் இரவு முழுவதும் வீசும் மணம் ஒருவருக்கு இன்பமாகவும் இன்னொருவருக்குத் தலைவலியாகவும் இருக்கும். படுக்கையறைச் சன்னலுக்கு அருகில் அதை வைக்குமுன் பூக்கும் மரத்தடியில் ஒரு மாலை நின்று பாருங்கள்.

ஓர் ஊரில் போற்றப்படும் மரம் வேறோர் ஊரில் களையாகப் பரவியிருக்கலாம். ஆரஞ்சுச் சிவப்புப் பூக்களுக்காக உலகெங்கும் நடப்பட்ட ஆப்பிரிக்க டூலிப் மரமும், சவுண்டல் எனப்படும் சூபாபுல்லும், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட மிக மோசமான 100 ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றவை. உங்கள் பகுதிக்கான தடைப்பட்டியலை வனத்துறையிடமோ வேளாண் துறையிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மண்ணுக்கே உரிய மரம் கிடைக்குமானால் அதற்கே முதலிடம் கொடுங்கள். பறவைகளும் தேனீக்களும் அதைத்தான் முதலில் கண்டுகொள்ளும்.

மூன்று, நான்கு மரங்கள் வைப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே இனமாக வைக்க வேண்டாம். அமெரிக்க நகரங்களில் எல்ம் மரங்களை ஒரு பூஞ்சை நோய் அழித்தபோது அவற்றின் இடத்தில் ஆஷ் மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். 2002-இல் மிச்சிகனில் கண்டறியப்பட்ட ஒரு பச்சை வண்டு அந்த ஆஷ் மரங்களையும் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது.

கன்றைப் பார்த்து வாங்குவது

இப்போது நாற்றுப்பண்ணைக்குப் போகலாம். உயரமான கன்றையே எல்லோரும் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஒருமுறை ஆளுயரத்துக்கும் மேலான கன்று ஒன்றை வாங்கி நட்டேன். நன்றாகத்தான் தழைத்தது. ஏழாம் ஆண்டில் ஒரு சாதாரணக் காற்றுக்கு அடியோடு சாய்ந்துவிட்டது. கிடந்த மரத்தின் தூரைக் கழுவிப் பார்த்தபோது, கன்று வந்த பிளாஸ்டிக் பையின் அடிவட்டம் அப்படியே வேராக இருந்தது. மணிக்கட்டு தடிமனில் மூன்று வேர்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கயிறுபோல் முறுக்கியிருந்தன. அந்த வட்டத்தை விட்டு வெளியே போன வேர் ஒன்றே ஒன்றுதான். பல காலம் பையிலேயே நின்ற கன்றுக்கு இதுதான் நேரும். அதை நட்ட பிறகும் வேர் சுற்றிக்கொண்டேதான் பருக்கும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வேரைத்தான். பையைச் சற்றே விலக்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நல்ல பண்ணையில் மறுக்க மாட்டார்கள். மண்ணின் விளிம்பில் வெண்ணிறச் சல்லிவேர்கள் தெரிந்தால் நல்லது. பென்சில் தடிமனில் வேர்கள் சுற்றிக்கொண்டிருந்தாலோ, பையின் அடியைக் கிழித்துத் தரைக்குள் இறங்கியிருந்தாலோ வேறு கன்றைப் பாருங்கள். அடுத்து அடிமரம். அது கீழே தடித்து மேலே போகப் போக மெலிய வேண்டும், குச்சியோடு கட்டியிருப்பதை அவிழ்த்தால் தானே நிற்க வேண்டும். மூன்றாவதாகக் கவை. இரண்டு தண்டுகள் சம தடிமனில், குறுகலாக ஒட்டிப் பிரிந்தால் அவற்றுக்கிடையே பட்டை சிக்கிக்கொள்ளும். கட்டையோடு கட்டை இணையாது. 1963-இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட பிராட்ஃபோர்ட் என்ற அலங்காரப் பேரி மரம், வெண்பூக்களுக்காக நாடெங்கும் நடப்பட்டு, பதினைந்து இருபது ஆண்டுகளில் இதே குறையால் நடுவில் பிளந்து விழத் தொடங்கியது. தண்டு ஒன்றாக நேரே போய், பக்கக்கிளைகள் அகன்ற கோணத்தில் பிரியும் கன்றே நல்லது.

இவையெல்லாம் சமமாக இருந்தால் சிறிய கன்றையே எடுங்கள். பெரியது இடம் மாறிய அதிர்ச்சியிலிருந்து மீளும் முன்பே சிறியது வேர் பிடித்து அதை எட்டிவிடும்.

நடுதல்

குழி ஆழமாக இருக்க வேண்டும் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. என் அனுபவத்தில் மரங்கள் மடிவதற்கு ஆழமாக நடுவதே முதன்மையான காரணம். குழியின் ஆழம் கன்றின் மண்கட்டியின் உயரத்தைத் தாண்டக் கூடாது. அகலம் மட்டும் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் இடம் எது என்று விரலால் மண்ணை விலக்கிக் கண்டுபிடியுங்கள். பல நேரங்களில் அது பைமண்ணுக்குள் நான்கு விரல் ஆழத்தில் புதைந்திருக்கும். அந்த இடம் தரைமட்டத்திலோ சற்று மேலேயோ நிற்கும்படி நடுங்கள். சுற்றிய சிறுவேர்கள் இருந்தால் மண்கட்டியின் பக்கங்களைக் கூரிய கத்தியால் மெல்லச் சீவிவிடலாம். தோண்டிய மண்ணாலேயே குழியை மூடுங்கள். குழியை மட்டும் உரமண்ணால் நிரப்பினால் வேர் அந்தச் சுகத்தை விட்டு வெளியே போகத் தயங்கும். தொழு உரத்தை மேலே தூவினால் போதும்.

பிறகு நீர் நிற்க வட்டப்பாத்தி கட்டி, காய்ந்த சருகோ மரச்சீவலோ 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். அது அடிமரத்தைத் தொடக் கூடாது, ஒரு சாண் விலகியே இருக்கட்டும். முட்டுக்கோல் காற்று மிகுந்த இடத்துக்கு மட்டும்தான் தேவை. அப்போதும் தாழ்வாக, அகலமான துணியால், மரம் சற்று அசையும்படி கட்டி, ஓராண்டுக்குள் அவிழ்த்துவிட வேண்டும். அசையும் தண்டுதான் பருக்கும்.

முதல் மூன்று ஆண்டுகள்

முதல் இரண்டு வாரங்கள் நாள்தோறும், அடுத்த இரண்டு மூன்று மாதங்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அதன்பின் வேர் பிடிக்கும் வரை வாரம் ஒருமுறை நீர் விடுங்கள். அடிமரம் 2.5 செ.மீ. தடிமன் இருந்தால் ஒரு தடவைக்குக் குறைந்தது 4 முதல் 6 லிட்டர் வேண்டும். மழை பெய்த வாரத்தில் விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கவாத்தை எண்ணி அவசரப்பட வேண்டாம். முதலாண்டில் ஒடிந்ததையும் பட்டதையும் மட்டும் நீக்குங்கள். இலைகள்தான் வேரை வளர்க்கின்றன. பிற்பாடு கிளையை எடுக்கும்போது, அது தண்டோடு சேரும் இடத்தில் சற்றே தடித்துத் தெரியும் கழுத்தை விட்டுவிட்டு அதற்கு வெளியே வெட்ட வேண்டும். அமெரிக்க மரநோய் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து நிறுவியது இதைத்தான்: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, காயத்தைச் சுவர்கட்டி அடைக்கிறது, அந்தச் சுவர் எழும் இடம் கிளைக்கழுத்து. தண்டோடு மட்டமாகச் சீவினால் அந்த அரணை நாமே வெட்டி எறிகிறோம். வெட்டிய இடத்தில் தாரோ சாயமோ பூசுவதும் அழுகலைத் தடுப்பதில்லை. கனத்த கிளையானால், முதலில் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்பக்கத்தில் பாதி அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையைக் கீழே விட்டு, கடைசியாக எஞ்சிய முளையைக் கழுத்தருகே எடுத்தால் பட்டை கிழியாது. மரத்தின் உச்சியை மொட்டையடிப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பிறகு முளைக்கும் கொம்புகள் வலுவின்றி ஒட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் ஆண்டிலிருந்து அடிக்கிளைகளை ஆண்டுக்கு ஒன்றிரண்டாக நீக்கி, தழையை உயர்த்திக்கொண்டு போகலாம். மேற்கே நிற்கும் மரமானால் எதுவரை உயர்த்துவது என்பதற்கு முன்பு போட்ட கணக்கே அளவு: 3.5 மீட்டருக்குக் கீழுள்ள கிளைகள் போனாலும், சூரியன் 30 பாகைக்குத் தாழும் வரை சுவரின் நிழல் குறையாது, அதற்கு மேலே கைவைத்தால் குறையும். கத்தியை எடுக்குமுன் ஒரு பிற்பகல் அந்தச் சுவரருகே நின்று, எந்தக் கிளையின் நிழல் சன்னலில் விழுகிறது என்று பார்த்து அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.